ஓடும் வண்டியில் சுட்ட முறுக்கு

கடல் தாண்டி எங்கேயோ இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டன. அதற்கும் ஊசிக்குளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஊசிக்குளத்து முறுக்கு கப்பலில்தான் வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. கப்பல் நின்றது. முறுக்குப் பட்டறையும் நின்றது.

பட்டறையை நடத்தியவர்கள் நான்கு பேர். மூத்தவரான தளவாய் யோசிப்பார். அவர் யோசித்தது சரி என்று மாசாணம் சொல்வார். பூதத்தான் சந்தேகம் கேட்பார். சுடலை அதைத் தீர்த்து வைப்பார். நால்வரும் கூடிப் பேசினால் தீராத பிரச்சினை கிடையாது. அந்த இடத்துக்குப் புதிதாக ஒன்று வந்துவிடும், அவ்வளவுதான்.

அவர்களிடம் முறுக்கு வாங்கி ஏற்றுமதி செய்யும் செண்பகவடிவு அக்கா ஒருநாள் வந்தார்.

“கப்பல் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. உள்ளூர்ல ஒரு ஆர்டர் பிடிச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை கல்யாணம், பத்து டின் முறுக்கு. அந்தப் பணத்துலதான் பட்டறை வாடகை கட்டணும். இல்லேன்னா ஆவுடையப்பன் முதலாளி அன்னைக்கே பூட்டிருவாரு. வெளங்குதா?”

“வெளங்குதுக்கா.”

“இனிமேயாவது சூதானமா இருங்க. காலம் சரியில்ல. எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காதீங்க. ஆபத்துக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வையுங்க. என்ன வந்தாலும் அதைத் தொடாதீங்க.”

அக்கா போனதும் நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“மொதல்ல ஒதுக்கி வைப்போம்,” என்றார் தளவாய். “ஆபத்துக் காலத்துல எது இல்லாம சாப்பிட முடியாது?”

“உப்பு,” என்றார் சுடலை.

பட்டறையில் இருந்த உப்பு முழுவதையும் மூட்டை கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. மாவில் போடுவதற்குக்கூட.

அடுத்து, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. சட்டி வடக்கூரில் தளவாய் வீட்டுக்குப் போனது. எண்ணெய் மேலூரில் மாசாணத்தின் மாமியார் வீட்டுக்கு. மாவும் அச்சும் கீழூரில் பூதத்தான் வீட்டுக்கு. அடுப்பு தெற்கூரில் சுடலையின் தங்கை வீட்டுக்கு.

“தீப்பிடிச்சா என்ன செய்ய அண்ணாச்சி?” என்று கேட்டார் பூதத்தான்.

“அடுப்பு இருக்குற வீட்லதாம்ல தீப்பிடிக்கும். அங்க சட்டி கிடையாது, எண்ணெய் கிடையாது. அடுப்பு மட்டுந்தான் எரியும்,” என்றார் தளவாய்.

“அடுப்பு எரிஞ்சா நல்லதுதான?”

“அதத்தாம்ல நானும் சொல்லுதேன்.”

“அண்ணாச்சி சொன்னா சரிதான்,” என்றார் மாசாணம்.

தெற்கூரில் அடுப்பு அருமையாக எரிந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை. வடக்கூரில் சட்டி பளபளவென்று இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தபோது டின் பத்தும் சரியாக இருந்தன. முறுக்குதான் இல்லை.

“பட்டறை போச்சு,” என்று பூதத்தான் கண்ணைக் கசக்கினார். “நாளைக்குப் பூட்டப் போறாரு.”

சுடலை நிமிர்ந்து உட்கார்ந்தார். “அண்ணாச்சி, ஒரு இடத்துல வைக்கத்தான கூடாது? ஓடிக்கிட்டே இருந்தா அது எந்த இடம்?”

தளவாய் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். “எந்த இடமும் இல்ல!”

ஒரு மாட்டுவண்டியைப் பிடித்தார்கள். அடுப்பு, சட்டி, எண்ணெய், மாவு எல்லாம் ஏறின. சுடலை வண்டியை ஓட்ட, மற்றவர்கள் முறுக்குச் சுட்டார்கள். வண்டி மேட்டில் ஏறும்போது முறுக்கு நீளமாக விழுந்தது. பள்ளத்தில் இறங்கும்போது உருண்டையாக விழுந்தது. திருப்பத்தில் மட்டும்தான் முறுக்கு முறுக்காக வந்தது. ஆகவே சுடலை திருப்பமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து டின்னும் நிரம்பிவிட்டன. வண்டி கல்யாண மண்டபத்துக்கு வந்தது. வந்து, நிற்காமல் மண்டபத்தைச் சுற்றியது.

“ஏ சுடலை, நிறுத்து!” என்று வாசலில் இருந்து கத்தினார் அக்கா.

“நிறுத்துனா எல்லாம் ஒரே இடத்துல ஆயிரும்க்கா!”

அக்கா பின்னாலேயே ஓடினார். ஏதோ ஊர்வலம் என்று நினைத்து மேளக்காரர்களும் வாசித்துக்கொண்டே ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், மொய் எழுத வந்திருந்த ஆவுடையப்பன் முதலாளி எல்லாரும் ஓடினார்கள். தளவாய் ஒவ்வொரு டின்னாக இறக்கிவிட, ஓடியவர்கள் வாங்கித் தின்றார்கள். வாயில் வழிந்த வேர்வையில் உப்பு சரியாக இருந்தது. “முறுக்குன்னா இதுல்ல முறுக்கு!” என்றார் பெண்ணின் அப்பா, மூச்சு வாங்கியபடி. பணத்தையும் ஓடிக்கொண்டே அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா அதிலிருந்து வாடகையை எடுத்து அங்கேயே முதலாளி கையில் வைத்தார். பிறகு வண்டியைப் பார்த்து, “எல்லாந்தான் இறக்கியாச்சே, இன்னும் என்னய்யா ஓட்டம்? இப்ப அதுல யாரு இருக்கா? நீங்க நாலு பேருதான!” என்று கத்தினார்.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தளவாய் விரல் விட்டு எண்ணினார்.

“அட ஆண்டவா! நாலு பேரும் ஒரே வண்டியிலயால இருக்கோம்?”

அடுத்த கணம் நால்வரும் குதித்து, திசைக்கு ஒருவராக ஓடினார்கள். மாடுகள் மட்டும் மண்டபத்தை இன்னொரு சுற்று வந்தன.

“எங்கவே ஓடுதீரு?” என்று தளவாயைப் பார்த்துக் கத்தினார் முதலாளி. “வாடகை வந்துட்டு! பட்டறை உங்களுக்குத்தான், வாங்கவே!”

வயல் வரப்பில் ஓடிக்கொண்டே தளவாய் திரும்பிப் பதில் சொன்னார்:

“ஒரு பட்டறைக்குள்ள நாலு பேரும் இருக்க முடியாது மொதலாளி! இன்னும் மூணு பட்டறை பாத்து வையுங்க, வந்துருதோம்!”