ஒச்சம்மா வீட்டு வைக்கோல் கன்று

பர்மாப் பக்கம் சண்டை நடந்த காலம். ஓடைக்கரை மடத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடர் மருதவாணருக்கு ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தவர். வந்த இடத்திலும் ஊராருக்குக் கடிதம் படித்துச் சொல்லும் வேலைதான் வாய்த்தது. யாரிடம் போய் முறையிடுவது?

ஒருநாள் காலை குருவின் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, ஒரு பொய் சொல்லிட்டேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். பாவமா?"

"யார்கிட்ட?"

"ஒச்சம்மாகிட்ட."

ஒச்சம்மா புருஷன் இல்லாதவள், எழுத்துத் தெரியாதவள். ஒன்றரை ஏக்கர் நெல், ஒரு பசு, ஒரே மகன் சிவனாண்டி. அவன் போன தையில் அறுப்பு முடிந்ததும் பட்டாளத்துக்குப் போனான். ஆடிக்குப் பிறகு கடிதம் இல்லை. தினமும் வயல்வேலை முடிந்து மடத்து வாசலில் வந்து நிற்பாள்.

"கடுதாசி வந்துச்சா வாத்தியாரே?"

"இல்லை தாயி."

திரும்பிப் போவாள். சோறு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

மார்கழியில் ஒருநாள் மருதவாணர் சிவனாண்டியின் பழைய கடிதத்தைக் கையில் எடுத்து, புதிதாக வந்ததுபோல் படித்தார். சுகமாக இருக்கிறேன் ஆத்தா, அறுப்புக்கு வந்துவிடுவேன். அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது அதுதான்.

"அன்னைக்கே ரெண்டு உருண்டை கேப்பைக் களி தின்னுச்சாம் சாமி."

"வயிறு நிறைஞ்சிருச்சு. அப்புறம் என்ன?"

"இப்ப அறுப்பு வந்திருச்சே."

முதல் பிடிக் கதிரை வீட்டு ஆம்பளைதான் அறுக்க வேண்டும்; அது அந்த வீட்டு வழக்கம். மகன் இல்லையே என்று தன் அண்ணனை வரச் சொல்லியிருந்தாள் ஒச்சம்மா. அந்தக் கடிதத்தைக் கேட்ட பிறகு, "எம் மகன் வர்றப்ப இன்னொருத்தன் கையா?" என்று அண்ணனையும் அறுப்பு ஆட்களையும் திருப்பி அனுப்பிவிட்டாள். பத்து நாளாகக் கதிர் முற்றி நிற்கிறது. காற்றடித்தால் மணி கொட்டுகிறது. வருஷம் முழுக்க அவள் சாப்பிட வேண்டிய நெல் அது.

குரு எழுந்தார்.

"வாங்க வாத்தியாரே. அவங்க வீட்டுக்குப் போயிட்டு வருவோம்."

ஒச்சம்மா தொழுவத்தில் பால் கறக்க உட்கார்ந்திருந்தாள். பசு போட்ட கன்று போன மாதம் செத்துப்போயிருந்தது. கன்று இல்லாமல் பசு பால் விடாது. அதனால் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தாள். பசு அதை நக்கிக்கொண்டே நின்றது. மடி சுரந்தது.

"முதல் செம்பு வாத்தியாருக்குத்தான்" என்று நீட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. "எம் மகன் சேதி சொன்ன வாயாச்சே! தெனமும் குடுக்குறேன் சாமி, கேளுங்க."

புல் எடுக்க வீட்டுக்குப் பின்னால் போனாள். மருதவாணர் பாலைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"பாத்தீங்களா சாமி, பசு ஏமாந்துதான் நிக்குது. ஆனா அதுக்கு எவ்வளவு நிம்மதி! நான் செஞ்சதும் இதுதானே?"

"பசுவோட நிம்மதிக்கா வைக்கோல் திணிச்சாங்க?"

மருதவாணர் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"தினம் வந்து நிப்பா சாமி. இல்லை, இல்லைன்னு சொல்லி... அந்த முகத்தை என்னால பார்க்க முடியலை."

குரு பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒச்சம்மா புல்லுக்கட்டோடு திரும்பினாள். மருதவாணர் செம்பைக் கீழே வைத்தார். அந்தக் கடிதம் பழசு, சேதி நானாகச் சொன்னது என்றார்.

"அப்ப எம் மகன் வரலையா?"

"தெரியாது தாயி."

"இருக்கானா?"

"அதுவும் தெரியாது."

புல்லுக்கட்டு கீழே விழுந்தது. செம்பை எடுத்து அவர்மேல் வீசினாள்.

"நாசமாப் போறவனே! எம் பிள்ளை பேரைச் சொல்லியா விளையாண்ட? படிச்சவன் செய்யிற காரியமா இது?"

தெருவே கூடிவிட்டது. மண்ணை வாரித் தூற்றினாள். ஓய்ந்து உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "எங்கண்ணனை அரிவாளோட வரச் சொல்லு. ஆளுக எத்தனை பேர் கிடைச்சாலும் கூப்பிடு. மிச்சம் கிடக்குறதையாவது அறுப்போம்" என்றாள்.

இருவரும் மடத்துக்குத் திரும்பினார்கள். மருதவாணருக்கு நெற்றி வீங்கியிருந்தது.

"இனி என் முகத்துல முழிக்கமாட்டா சாமி."

"மாட்டாங்க."

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"அறுப்புக்கு ஆள் பத்தாது. அரிவாளை எடுத்துக்கிட்டுப் போங்க."

"நானா! அங்க போய் நின்னா அவ என்னைப் பார்க்கணுமே."

"கதிர் அறுக்கிறவங்க குனிஞ்சேதான் இருப்பாங்க வாத்தியாரே" என்றார் குரு. "நீங்களும் குனிஞ்சுக்குங்க."