பருப்பு வந்தது, சமையல்காரர் வரவில்லை

ராஜா காலத்தில் ஏது இணையதளம் என்று யாரும் குறுக்கே கேட்கக் கூடாது. கதை சொல்வது நான். நெடுமருதூர் அரண்மனையில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஊர் ராஜா கோமாறனுக்கு ஒரு வழக்கம். வந்த மனுக்களைப் பார்த்து முடிக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். குறையை இணையதளத்தில் எழுதி, 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினால் மனு அவரிடம் போகும். மனு குவிந்த நாட்களில் ராஜா சாப்பிடச் சாயங்காலம் ஆகிவிடும். பாவம், எலும்பும் தோலுமாக இருந்தார்.

ஒரு மாதமாக என்னடா என்றால், ஒரு மனுகூட வரவில்லை! உச்சிவேளைக்கே இலை போட்டாகிவிடும். ராஜாவுக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

"பார்த்தீரா ஏகாம்பரம், என் நாட்டில் குறை சொல்ல ஆளே இல்லை!" என்று தொப்பையைத் தடவிக்கொண்டார்.

ஏகாம்பரம் சபையின் விகடகவி. வாய் சும்மா இருக்காது. ஆனால் அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்ப்பாத்தி கிராமத்து வெள்ளையம்மாள் காலையில்தான் அவர் வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"ஐயா, நெல்லு பால் பிடிக்கிற நேரம். ஏரி நெறையத் தண்ணி கெடக்கு, மதகைத் தொறக்க ராஜா உத்தரவு வேணும். நானும் தெனம் இந்தப் பொத்தானை அமுக்கறேன், அது அசைய மாட்டேங்குது. நேர்ல வந்தா, 'இணையதளத்துல போடு'ன்னு வெரட்டுறாங்க. நாளைக்குள்ள தண்ணி பாயலேன்னா எல்லாம் பதருதான்யா!"

ஏகாம்பரம் அவள் செல்போனை வாங்கி அழுத்திப் பார்த்தார். பக்கம் வந்தது. ராஜா படம் வந்தது. பொத்தானும் வந்தது. அந்தப் பொத்தானை வேலை செய்யவைக்கிற ஸ்கிரிப்ட் மட்டும் வரவில்லை. எழுத்தும் படமும் சும்மா கிடக்கிற சாமான். ஓடியாடி வேலை செய்கிற ஆள் ஸ்கிரிப்ட்தான். அதை, ஊர் செல்போன்களுக்குள் போவதையெல்லாம் சோதிக்கக் காவல் தலைவர் தளவாய் உருத்திரப்பர் வைத்த ஃபில்டர் வழியிலேயே மடக்கிக்கொண்டிருந்தது.

இதை ஏகாம்பரம் சபையில் சொன்னதும் தளவாய் மீசையை முறுக்கினார். "ஹேக்கரும் இப்படித்தான் வருவான்! வெளியிலிருந்து வந்து, உள்ளே தானாக வேலை செய்கிற எதையும் விட மாட்டேன். சும்மா கிடக்கிற பொருள் வரட்டும், போகட்டும்."

"கீழ்ப்பாத்தி மதகையாவது திறக்கச் சொல்லுங்கள், மகாராஜா."

"சிபாரிசு என் காதில் ஏறாது என்று தெரியாதா? குறை உள்ளவர் மனு நேராக வரட்டும்" என்றார் ராஜா. அதோடு விட்டாரா? "தளவாயின் சட்டம் அருமை. நாளை முதல் அரண்மனை முழுக்க இதுதான் சட்டம்!"

"உத்தரவு. மடப்பள்ளி வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஏகாம்பரம் பவ்யமாகக் கும்பிட்டார். அவர் கும்பிட்டபோதே ராஜா உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் உச்சிவேளை. ராஜாவும் தளவாயும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். இலையில் ஒரு படி பச்சரிசி. பக்கத்தில் துவரம்பருப்பு, ஒரு உருண்டை புளி, காம்போடு இரண்டு கத்தரிக்காய். ஓரத்தில் ஒரு விறகுக்கட்டை.

"யோவ், என்னய்யா இது?"

"சாம்பார் சாதம், மகாராஜா. எல்லாச் சாமானும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது."

"சமையல்காரர் நல்லபெருமாள் எங்கே?"

"வாசலில் மடக்கி வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து வருகிறார், உள்ளே வந்து தானாக வேலை செய்கிறார். கையில் கத்தி வேறு!"

தளவாய்க்குப் பசியில் கண் இருட்டியது. "அட, நல்லபெருமாளை எனக்குத் தெரியாதா? நம்ம ஆள்தானே!"

"மனு வாங்குகிற ஸ்கிரிப்டும் நம்ம அரண்மனை ஆள் எழுதியதுதானே, தளவாய்? அதை மட்டும் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லையா?"

தளவாய் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நியாயம் அப்புறம் பேசலாம். முதலில் நல்லபெருமாளை உள்ளே விடும்!" என்று ராஜா கத்தினார்.

"சிபாரிசா, மகாராஜா? குறை உள்ளவர் மனு நேராக வரட்டும். அவரும் வாசலில் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார். என்ன செய்வது, வேலை செய்யவில்லையாம்!"

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்களே, அன்றைக்குத் தளவாயின் சட்டமும் சேர்ந்து பறந்தது. "ஃபில்டரைச் சரிசெய்யுமய்யா!" என்று ராஜா அலறினார். "எல்லாவற்றையும் அடைக்க ஒரு பூட்டுப் போதும். யார் என்று பார்த்து விடத்தானே உம்மை வைத்திருக்கிறேன்?"

தளவாய் ஓடினார். ஸ்கிரிப்ட் செல்போன்களுக்குள் வந்தது. அவ்வளவுதான், ஒரு மாதம் அடைபட்டுக் கிடந்த ஊர் பூராவும் பொத்தானை அழுத்தியது. முதலில் வந்தது வெள்ளையம்மாள் மனு. ராஜா அதைப் படித்ததும் முகம் வாடிப்போனார். "இதை ஒரு மாதமாகவா அழுத்தினாள்? அடப்பாவமே, நான் தொப்பையைத் தடவிக்கொண்டிருந்தேனே!" என்றார். அந்த நிமிஷமே மதகைத் திறக்கக் குதிரையில் ஆள் பறந்தது.

அடுத்து பாலம், அடுத்து பள்ளிக்கூடத்து ஓடு என்று மனு வந்துகொண்டே இருந்தது. நல்லபெருமாள் மனு எல்லாவற்றுக்கும் கடைசியில் கிடந்தது. அதில் உத்தரவு போட்டு, அவர் உள்ளே வந்து, அடுப்பு மூட்டி, இலையில் ஆவி பறக்கச் சோறு விழுந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அதற்குள் கீழ்ப்பாத்தி வயலில் தண்ணீர் பாய்ந்த சேதியும் வந்தது.

ராஜாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏகாம்பரம், உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும்" என்றார்.

"இப்போதுதான் மனு போட்டேன், மகாராஜா."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. பார்க்காமல் சாப்பிடக் கூடாதே! ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் அந்த மனுவைத் திறந்தார்.

'காலையிலிருந்து நானும் பட்டினி. எனக்கும் ஒரு இலை.'

ராஜா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கவளம் தளவாய் மீசையில் போய் விழுந்தது.