ஊர் எரிந்தது

எயினனுக்கு அன்றைக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அரண்மனைப் புலவர் வடதிசைப் போரைப் பற்றிப் பாடியதைச் சபையில் கேட்டுவிட்டு நேரே மலை ஏறி வந்திருந்தான். அந்தப் பாட்டில் பாதி புளுகு, மீதி பச்சைப் புளுகு.

"எதிரியிடம் ஆயிரம் யானையாம், அம்மையே. இருந்தது முப்பத்தேழு. எண்ணியவன் நான். அதிலும் ஒன்று நொண்டி."

"உட்காரும், எயினரே," என்றார் குரத்தி. "முதலில் மூச்சு வாங்கும்."

அவன் உட்காரவில்லை. இருபத்திரண்டு வருஷம் மன்னரின் படையில் வேல் பிடித்தவன். காலில் அம்பு தைத்து நொண்டியானதும், போதும் போ என்று அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் நெடும்பாறைச் சமணப் பள்ளிக்கு வந்து மணலில் 'அ' எழுதினான். பாடம் சொன்னவர் இந்தக் குரத்திதான். சமணத்தில் பாடம் சொல்லும் பெண் துறவிகளை அப்படித்தான் அழைப்பார்கள். அவனைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் அவர் பார்வைக்கு எதிரே அவனுடைய பழைய படைத்தலைவன்கூட நிற்கமாட்டான்.

எழுத்து கூடிவந்ததும் எயினன் வேறெதையும் எழுதவில்லை. தான் போன அந்த வடதிசைப் போரை, நடந்தது நடந்தபடி, ஒரு நாள் விடாமல் எழுதினான். நாலு வருஷம் பிடித்தது. நாளைக் காலையில் அதே சபையில் அதைப் படிக்க வேண்டும். ஆனால் பாடம் சொன்னவர் 'சரி' என்று சொல்லாத நூலைச் சபை காதில் வாங்காது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஏட்டுக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"மன்னர் முன்வரிசையில் நின்று வாள் வீசினாராம். அன்றைக்கு அவருக்கு வயிற்றுப்போக்கு. கூடாரத்தை விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன்."

"மன்னர் முன்னிலையில் அதைப் படிப்பீரா?"

"படிப்பேன். தலை போனாலும் சரி. செத்தவனெல்லாம் செத்துக் கிடக்க, இவர்கள் பாட்டுக் கட்டிப் பரிசு வாங்குவார்களா? வயிறு எரிகிறது எனக்கு."

"உம்முடைய ஏட்டில் பொய் இல்லையா?"

"ஒன்று காட்டுங்கள். இந்தக் கையை வெட்டிப் போடுகிறேன்."

"போர் முடிந்த இடத்தை வாசியும்."

எயினன் ஏட்டுக்கட்டை அவிழ்த்து ஓலையைத் தேடி எடுத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"ஏழாம் நாள் நொச்சிக்குடியை அடைந்தோம். மதிலை உடைத்தோம். காவலரை விரட்டினோம். கொடியை ஏற்றினோம். எட்டாம் நாள் ஊர் எரிந்தது. கிணறுகள் மூன்றும் தூர்ந்தன. ஒன்பதாம் நாள் திரும்பி நடந்தோம்."

"இன்னொரு தரம்."

இன்னொரு தரம் வாசித்தான். நன்றாக வந்திருக்கிறது என்று அவனுக்கே தோன்றியது.

குரத்தி கையை நீட்டி அந்த ஓலையை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்து, நீளவாக்கில் சர்ரென்று கிழித்தார்.

"ஓலை கிழிந்தது," என்றார்.

எயினனுக்கு வந்தது பாருங்கள் கோபம், புலவர் மேல் வந்ததெல்லாம் அதற்கு உறை போடக் காணாது.

"கிழிந்ததா? நீங்கள் கிழித்தீர்கள். என் கண் முன்னால், உங்கள் இரண்டு கையாலும் கிழித்தீர்கள். கிழித்துவிட்டுக் கிழிந்தது என்று சொல்ல உங்களுக்கு எப்படி அம்மையே வாய் வருகிறது?"

"இலக்கணம் உமக்கு நன்றாகவே வந்திருக்கிறது," என்றார் குரத்தி.

எயினன் குரத்தியின் கையில் இருந்த ஓலையைப் பார்த்தான். அப்போதுதான் உட்கார்ந்தான்.

"உத்தரவு," என்றான் கடைசியில். "படைத்தலைவர் சொன்னார். நாங்கள் செய்தோம்."

"அவர் சொன்னதும் ஏட்டில் இல்லை. நீங்கள் செய்ததும் இல்லை. நொச்சிக்குடியில் எத்தனை வீடு?"

"எண்ணவில்லை."

"யானையை எண்ணினீரே."

அவன் தலை கவிழ்ந்தான். குரத்தியின் குரல் அப்போதுதான் ஏறியது. இத்தனை வருஷத்தில் அவர் கோபப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"மண் தானாக நடந்துபோய்க் கிணற்றில் விழுந்ததா? மதிலுக்கு 'உடைத்தோம்'. கொடிக்கு 'ஏற்றினோம்'. ஊருக்கு வந்ததும் ஆளையே காணோம். அந்த ஊர்ப் பெண்கள் மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கே போனார்கள்? அதை உம்முடைய படையில் ஒருவராவது கேட்டீர்களா?"

எயினன் மடியிலிருந்து எழுத்தாணியை எடுத்தான். புது ஓலை ஒன்றை உருவினான். இரண்டே சொல்தான் மாற வேண்டும். எரித்தோம், தூர்த்தோம். கை ஓடவில்லை.

"அம்மையே, அன்றைக்கு என்னோடு தீப்பந்தம் பிடித்தவர்களில் பதினோரு பேர் இன்னும் இருக்கிறார்கள். கால் போன என்னைக் காட்டில் விட்டுவிட்டு வராமல், முறைவைத்துத் தோளில் தூக்கி வந்தவர்கள். பிள்ளை குட்டிகளோடு நாளைக்குச் சபைக்கு வருவார்கள். நான் எழுதியதைக் கேட்கத்தான் வருகிறார்கள். மன்னருக்கு நான் பயப்படவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?"

குரத்தியின் கோபம் தணிந்திருந்தது.

"அந்தப் புலவரும் தினம் மன்னர் முகத்தில் முழிக்க வேண்டியவர்தானே, எயினரே?" என்றார்.