ஹீட்டர் பக்கத்துல உக்காந்து பனி பார்த்தவர்

ஒரு ஊர்ல ஒரு மேனேஜர் இருந்தாராம். ஊருன்னா நம்ம பக்கத்து ஊர் இல்ல. வடக்க, ரொம்ப வடக்க, தை மாசம் ஆச்சுன்னா ஜன்னல் மட்டத்துக்குப் பனி கொட்டுற மலை ஊர். அங்க ஒரு ஹோட்டல். கால்ல ரெண்டு நீளக் கட்டையை மாட்டிக்கிட்டு, உச்சியிலேருந்து சர்ர்ர்ர்னு பனியில சறுக்கி இறங்குறதுக்குன்னே எங்கெங்கேருந்தோ ஜனங்க வருவாங்க. கேக்குறியா?

ம்.

மேனேஜர் பேரு திருமேனிநாதன். நம்ம பக்கத்து ஆளுதான், சொல்லிக்கவே கூச்சமா இருக்கு. ஆரஞ்சு கலர்ல சறுக்கு வீரங்க போடுற கோட்டு, நெத்தியில கறுப்புக் கண்ணாடி. டீ குடிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டார். சுவத்துல அவர் சறுக்குக் கட்டையோட நிக்கிற போட்டோ வேற. நிக்கிற போட்டோதான். சறுக்குற போட்டோ ஒண்ணுகூட இல்ல. அதை யாரு கவனிச்சா?

தினம் காலையில, இன்னிக்குப் பனி எப்படி, எந்தச் சரிவுல இறங்கலாம்னு சொல்றது அவர் பொறுப்பு. அதுக்கு வெளிய போய்ப் பார்க்கணுமா இல்லையா? மகராசன் ஹீட்டர் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆவி படிஞ்ச ஜன்னல் கண்ணாடியை ஒரு விரலால துடைப்பார். அந்தத் துளி ஓட்டையில ஒரு பார்வை. அவ்வளவுதான். உடனே வாக்கிடாக்கியை அமுக்குவார், க்ர்க்! அதுல பேசினா வாசல் ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேக்கும்.

அந்த ஊர்லயே பொறந்த பொண்ணு ஒருத்தி, யாங்டோல்னு பேரு, அங்க வேலை பார்த்தா. விடியுறப்பவே மேல போய், பனியை இடுப்பாழத்துக்குத் தோண்டி, ஒவ்வொரு அடுக்கா விரலால குத்திப் பார்ப்பா. எது கெட்டி, எது பொலபொலன்னு இருக்கு, எது வழுக்கும்னு பார்த்துட்டு வந்து அவர்கிட்ட சொல்லுவா. அவர் கேக்கணுமே! சரிவைத் திறக்குறதும் மூடுறதும் அவர் கையில. அவங்க ரெண்டு பேரும் இந்தியில பேசிக்குவாங்க, நான் உனக்கு நம்ம பேச்சுல சொல்றேன்.

முதல் நாள் என்ன ஆச்சுன்னா, முந்தின நாள் வெயில்ல இளகின பனி ராத்திரிக் குளிர்ல இறுகிக் கண்ணாடி மாதிரி கெடக்கு. "சார், மேல முழுக்க ஐஸு. மத்தியானம் இளகட்டும், அப்புறம் விடலாம்"னா யாங்டோல்.

"ஏம்மா, வெள்ளையாத்தானே இருக்கு? வெள்ளையா இருந்தா பஞ்சு." க்ர்க்! "இன்னிக்குப் பனி பஞ்சு மாதிரி!"

பஞ்சை நம்பிப் போனவங்க சர்ர்ர்... தொபுக்கடீர்! சர்ர்ர்... தொபுக்கடீர்! ஒருத்தருக்கு மணிக்கட்டு முறிஞ்சுது. அதுக்கு நம்ம ஆளு என்ன சொன்னார் தெரியுமா? "அவருக்குச் சறுக்கத் தெரியல." சொல்லிட்டு இன்னொரு டீ கேட்டார்.

அப்புறம் ரெண்டாம் நாள். உச்சியில ஒரு மேகம் தொப்பி மாதிரி உக்காந்திருக்கு. "சார், அது உக்காந்தா மத்தியானத்துக்குள்ள மூடிக்கும், கை நீட்டினா கை தெரியாது"ன்னா. அவர் அந்த விரல் ஓட்டையில பார்த்தார். அதுல உச்சி தெரியாது, கொடிக்கம்பம்தான் தெரியும். க்ர்க்! "வானம் தெளிவு!" பன்னெண்டு மணிக்கு ஹூஊஊஊன்னு காத்து, எங்க பார்த்தாலும் வெள்ளை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு வழி தெரியாம மாட்டிக்கிட்டாங்க. யாங்டோல் விசிலை ஊதி ஊதி, அவங்க கத்துற குரலைப் பிடிச்சுப் பிடிச்சு, மூணு மணி நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வந்தா. அந்த அம்மாவுக்குக் கால் விரலெல்லாம் மரத்துப்போச்சு.

"மலைன்னா மேகம் வரத்தான் செய்யும்"னார் திருமேனிநாதன். பெரிய கண்டுபிடிப்பு!

யாங்டோலுக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. இந்த ஆளால ஒரு உசுரு போகப்போகுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

மூணாம் நாள். ராத்திரியெல்லாம் பனி கொட்டி, காத்து அதைப் பெரிய சரிவுல வாரி வாரிக் குவிச்சிருக்கு. காலையில பார்த்தா வானம் நீலமா, வெயில் பளபளன்னு, அவ்வளவு அழகு! யாங்டோல் சரிவோட ஓரத்துல தோண்டினா. மேல புதுப்பனி பலகை மாதிரி இறுகியிருக்கு. அடியில ரவையைக் கொட்டின மாதிரி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்ல. ஒரு அடி எடுத்து வெச்சா. தொம்! உள்ளுக்குள்ள ஏதோ உக்காந்த மாதிரி சத்தம். திரும்பி ஓடி வந்தா.

"சார், பெரிய சரிவு நிக்காது. ஒரு ஆள் பாரம் போதும், மொத்தமாப் பொளந்து வரும்."

"நீலமா இருக்கு வானம், கண்ணு தெரியலையா உனக்கு?" க்ர்க்! "பெரிய சரிவு திறந்தாச்சு!"

பதினோரு பேரு கட்டையைத் தூக்கிக்கிட்டு, கம்பியில தொங்கி உச்சிக்குப் போற ரோப் கார்கிட்ட வந்துட்டாங்க. யாங்டோல் கதவை மறிச்சு நின்னா. "யாரும் போகக் கூடாது." ஜனங்க கோபமாக் கத்துறாங்க. மேனேஜர் குளிர்ல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே வெளிய வந்தார். அந்த வருஷத்துல அதுதான் முதல் தடவை. "நகரு. இல்லேன்னா இன்னியோட உனக்கு வேலை இல்ல."

அப்போ அவ கத்தல. அமைதியாச் சொன்னா, "சரி சார். நகர்றேன். முதல்ல நீங்க இறங்கிக் காட்டுங்க."

"ஆமா ஆமா, மேனேஜர் முதல்ல!"ன்னு பதினோரு பேரும் கை தட்டினாங்க. போட்டோவைத்தான் பார்த்திருக்காங்களே! ஒருத்தர் ஆசையா அவர் கையில கட்டையைக் குடுத்தார். முடியாதுன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு பேரும் ரோப் கார்ல ஏறினாங்க.

மேல வண்டி நிக்கிற இடம் பாறை. அங்க பயம் இல்ல. அது தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனா. யாங்டோல் குனிஞ்சு அவர் கால்ல கட்டையை மாட்டினா. கடக். கடக். எதிர்ல பெரிய சரிவு, கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி கீழ போகுது.

"இறங்குங்க சார். பஞ்சுதானே?"

திருமேனிநாதன் கீழ ஒரு தடவை பார்த்தார். கையில வாக்கிடாக்கியை உயிரைப் பிடிச்ச மாதிரி இறுக்கிப் பிடிச்சார். க்ர்க்! "ஐயோ வேண்டாம்மா! எனக்கு நிக்கக்கூடத் தெரியாது! பனியில நான் கால் வெச்சதே இல்ல! மூடு, சரிவை மூடு!" கீழ ஸ்பீக்கர்ல அத்தனையும் கணீர்னு கேட்டுச்சு.

யாரும் சிரிக்கல. சிரிக்கலாம்னு வாயைத் திறக்கும்போதே, தொம்! யாரும் கால் வைக்காமலே, வெயில் சூட்டுலயே பெரிய சரிவுல குறுக்கால ஒரு கோடு விழுந்துது. அப்புறம் கிர்ர்ர்ர்... தடதடதடதடன்னு முழு மலையும் வழிஞ்ச மாதிரி, பதினோரு பேரும் இறங்கியிருக்க வேண்டிய அதே வழியில, தேவதாரு மரங்களை மளார் மளார்னு முறிச்சுக்கிட்டுப் போய்ப் பள்ளத்துல விழுந்துது. வெள்ளைப் புகை அடங்க ரொம்ப நேரமாச்சு. திருமேனிநாதன் பாறையில உக்காந்து அழுதார். யாங்டோல் அவர் கால்லேருந்து கட்டையைக் கழட்டி, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா.

திருந்தினாரான்னு கேக்குறியா? நீ வேற! சாயங்காலம் ஹீட்டர் பக்கத்துல உக்காந்து, புதுசா வந்தவங்ககிட்டச் சொல்றார்: "நான்தான் மூடச் சொன்னேன்." அது பொய்யும் இல்ல பாரு, அதுதான் எரிச்சல்! யாங்டோல் காதுல விழுந்துது. ஒரு பார்வை பார்த்தா, சாணியை மிதிச்சவ செருப்பைப் பார்க்கிற மாதிரி. மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனா.

ஆனா அந்தப் பதினோரு பேரும் அவர் பக்கமே போகல. எழுந்து, அவரைத் தாண்டி, வாசல்ல மண்வெட்டியைக் கழுவிக்கிட்டிருந்த யாங்டோல்கிட்ட வந்து நின்னாங்க. "நாளைக்குப் பனி எப்படி இருக்கும்மா?"ன்னு கேட்டாங்க.

அவ நிமிர்ந்து மலையைப் பார்த்தா. "தெரியாது. காலையில தோண்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்"னா.

அவ்வளவுதான் கதை. மலையும் படுத்தாச்சு, பனியும் படுத்தாச்சு, போர்வையை இழுத்துக்கிட்டு நீயும் படு.