யாருடைய கம்ப்யூட்டரானாலும்

கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றின் மெயிலெல்லாம் வாடிக்கையாளர்களின் ஸ்பாமில் விழத் தொடங்கியது. "எவனோ நம்ம சர்வர்ல குப்பை அனுப்பறான். சாயங்காலத்துக்குள்ள பிடி, இல்லேன்னா வீட்டுக்குப் போ!" என்று சர்வர் பார்க்கும் பூங்கோதையிடம் எல்லார் முன்னாலும் குதித்தார் மேனேஜர் வரதராஜுலு.

குப்பை மெயில் ஒன்று வந்த வழியைக் காட்டும் ஹெடரைப் பிரித்தாள். 'இந்த முருகன் படத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாவிட்டால் பதவி பறிபோகும்' என்ற அந்த மெயில் கிளம்பிய இடம் மேனேஜரின் கேபின். பேரைச் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

"எந்தக் கம்ப்யூட்டர்னு தெரிஞ்சுபோச்சுங்க சார். யாரோடதா இருந்தாலும் மெயிலை நிறுத்திடட்டுங்களா?"

"எங்கப்பனோடதா இருந்தாலும் நிறுத்து!"

நிறுத்தினாள்.

மறுநாள் காலை கேபின் கதவு படாரென்று திறந்தது. "ஐயோ, முருகன் போகமாட்டேங்கறாரே! என் பதவி என்னாகும்?"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"நான் யார் பேரையும் சொல்லலீங்க சார்" என்றாள் பூங்கோதை.