மிதக்கும் முட்டைக்குத் தாய் யார்

கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரை கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கப்பல் நின்றிருந்தது. அதில் குருவும் சீடரும் இருந்தார்கள். குரு ஹெப்சிபா நாற்பதைத் தொடாதவர். சீடர் ஞானதிரவியமோ பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார். மாலுமிகள் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பழகிக்கொண்டார்கள்.

சீடருக்கு விழித்திரையில் நோய். பார்வையின் நடுவில் புகை படிந்தாற்போல் மங்கிக்கொண்டே வந்தது. அடுத்த வருடம் நுண்ணோக்கியை மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று சம்பந்தி வீட்டில் கேலி பேசினார்கள். முழுக்கக் கெடுவதற்குள் ஒன்றே ஒன்றுக்குப் பெயர் சொல்லிவிட வேண்டும் என்று மனிதர் ஏங்கினார். பத்துக் கைகளுள்ள ஊசிக்கணவாய் நடுக்கடலில் இட்டுவிட்டுப் போகும் முட்டைக்கூட்டத்துக்கு. எந்த இனம் இட்டது என்று பார்த்துச் சொல்லத் தாய் அங்கே இருக்காது. இட்டதும் செத்துப்போகும் தாய்தான் அநேகம்.

ஒரு காலையில் அது கண்ணில் பட்டது. ஆள் உயரத்துக்கு ஒரு கூழ்க்கோளம், கண்ணாடிபோலத் தெளிவாக, உள்ளே கடுகுக்கும் சிறிய புள்ளிகளோடு மிதந்தது. சீடர் ரப்பர் படகில் போய் ஒரு துண்டை அள்ளினார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. கெட்டுப்போகுமோ என்று படகிலேயே பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டார். தான் நினைத்த கணவாயின் பெயரைப் பென்சிலால் சீட்டில் எழுதிப் புட்டிக்குள் இட்டார்.

குரு லென்சில் பார்த்தார்.

"என்ன தெரியுது அம்மா?"

"முட்டை."

"எந்தக் கணவாயோடது?"

"இட்ட புதுசுல எல்லாக் கணவாய் முட்டையும் இப்படித்தான் இருக்கும்."

மரபணுவைப் பார்க்கலாமே என்றார் சீடர். சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. ஃபார்மலின் உருவத்தைக் காப்பாற்றும், மரபணுவைச் சிதைத்துவிடும். உருவமோ இன்னும் உண்டாகவே இல்லை. இன்னொரு துண்டு அள்ளப் படகைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கோளத்தை நீரோட்டம் கொண்டுபோயிருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இதுக்குத் தாய் யாருன்னு எப்படித்தான் அம்மா கண்டுபிடிக்கது?"

குரு புட்டியிலிருந்து சீட்டை எடுத்து, எழுத்தை அழித்து, வெற்றுச் சீட்டைச் சீடரின் சட்டைப் பையில் வைத்தார்.

பயணம் முடியும் தறுவாயில் இன்னொரு கோளம் தட்டுப்பட்டது. இந்த முறை குரு ஒரு கண்ணாடித் தொட்டியையும் வாளியையும் அவரிடம் கொடுத்தார். ஃபார்மலின் புட்டியைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

சீடர் அள்ளிவந்த துண்டு உயிரோடு தொட்டிக்குள் போனது. இனி வேலை ஒன்றே ஒன்றுதான். பழைய தண்ணீரை மெல்ல இறைத்துவிட்டு, புதுக் கடல்நீரை முட்டை அசையாமல் ஊற்ற வேண்டும். கூழிலிருந்து பிரிந்த முட்டையில் பூஞ்சை பிடித்துவிடும். வெளுத்தவற்றை உடனுக்குடன் எடுக்க வேண்டும். சீடர் தொட்டியருகிலேயே பாயை விரித்தார். புள்ளிகள் நீண்டன, சுழன்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு கண்கள் கறுத்தன. இப்போது எழுதலாமா என்று கேட்டார். குரு தலையாட்டி மறுத்தார்.

ஒரு மத்தியானம் அவை பொரிந்தன. குஞ்சு மணலளவு இருந்தது. சீடர் நுண்ணோக்கியில் குனிந்தார். நீண்ட கைகள் இரண்டும் ஒட்டி ஒரே தும்பிக்கையாக இருப்பது ஓரப்பார்வையில் தெரிந்தது. குடும்பம் எதுவென்று புரிந்துவிட்டது. இனம் எதுவென்று சொல்ல வேண்டுமானால் தும்பிக்கை நுனியின் உறிஞ்சிகளைப் பார்க்க வேண்டும். நுனி அவர் கண்ணின் புகைக்குள் இருந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் நாற்காலியைக் குருவுக்கு விட்டார்.

குரு வெகுநேரம் பார்த்தார். பிறகு சீடரின் பையிலிருந்த வெற்றுச் சீட்டை எடுத்துக் கணவாயின் பெயரை எழுதினார். கீழே, அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் ஞானதிரவியம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

சீடர் தடுத்தார். "பொய் எழுதாதீங்க அம்மா. பாத்தது நீங்க. என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. நான் என்னத்தக் கண்டுபிடிச்சேன்?"

குரு சீட்டை அவர் கையில் வைத்தார்.

"அது யாருன்னு அதுவே வளந்து வந்து சொல்லிட்டு. சொல்லுத வரைக்கும் உசுரோட வச்சிருந்தது யாரு அண்ணாச்சி? மிச்சம் இன்னும் பொரிக்கல. தண்ணி மாத்த நேரமாச்சு."

சீடர் வாளியை எடுத்தார்.