தெற்கத்தியாளின் கோணல்

வானத்தின் ஒரு கோடியில், ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே ஜொலிக்கும் குவேசார் ஒருத்தி இருந்தாள். வயிற்றில் கருந்துளை, அகப்பட்டதையெல்லாம் இழுத்து விழுங்குவாள். உள்ளே போகாத மிச்சத்தை இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிப்பாள். அந்த இரண்டு தாரைகளும்தான் அவள் பெண்கள்.

மூத்தவள் வடக்கத்தியாள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போனாள். இளையவள் தெற்கத்தியாள், பாதி வழியில் இடுப்பு ஒடிந்தவள் போல வளைந்தாள். வடக்கே ஈ காக்கை கிடையாது. தெற்கேயோ சூடான வாயுக்கூட்டம். கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுக்கள்தான் இவர்களின் அத்தைமார், முதல் பந்திக்கு முண்டுகிறவர்கள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவுக்கு அது எங்கே தெரிகிறது? தன் வெளிச்சத்தைத் தாண்டி எதையும் பார்த்துப் பழக்கமில்லை அவளுக்கு.

ஒருநாள் சேதி வந்தது. பூமியிலிருந்து ரேடியோ தொலைநோக்கி படம் எடுக்கப் போகிறதாம்.

"அடியே, நிமிருடி!" என்று கத்தினாள் குவேசார். "படத்துல இப்படிக் கோணிக்கிட்டு நின்னே, உன் பக்கம் பீய்ச்சுறதையே நிறுத்திடுவேன். அணைஞ்சு போயிடுவே, ஆமா!"

"நேராத்தாம்மா கிளம்பினேன். அத்தைங்க இடிக்கிறாங்க."

"ஐயையோ, அபாண்டம்!" என்றார்கள் அத்தைமார். "நாங்க ஒரு விரல்கூட வைக்கல, அண்ணி. அது பிறவிக் கோணல்."

"உங்க அக்காவைப் பாருடி!" என்றாள் குவேசார்.

அக்கா இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் கோடு வளைந்துவிடுமே!

தெற்கத்தியாள் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தாள். முழங்கையால் ஓர் இடி விழுந்தது. இன்னும் வளைந்தாள். அந்த நேரம் பார்த்துப் படமும் விழுந்துவிட்டது.

தொலைநோக்கி வடக்கத்தியாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தது. தெற்கத்தியாளிடம் வந்ததும் நின்றது.

"அட! இந்தப் பொண்ணு சும்மா வளையலையே. பக்கத்துல பெரிய கூட்டமே நிக்குது. எவ்வளவு கனம், எந்தப் பக்கமாத் தள்ளுது, எல்லாம் இவ முதுகைப் பாத்தாலே தெரியுதே!"

பீய்ச்சுவதை நிறுத்தப் போன குவேசார் அப்படியே நின்றாள். முதல் தடவையாகத் தெற்குப் பக்கம் உற்றுப் பார்த்தாள்.

"யாரது அங்கே?"

அத்தைமாருக்கு வேர்த்து விறுவிறுத்துப்போனது.

"கண்ணு, ராசாத்தி," என்று குழைந்தார்கள். "கொஞ்சம் நிமிர்ந்து நில்லேன். பாக்கிறவங்க எங்களையில்ல தப்பா நினைக்கிறாங்க!"

"அதுக்கென்ன அத்தை," என்றாள் தெற்கத்தியாள். "நீங்க நகருங்க, நான் நிமிர்றேன்."